மொட்டை வேர்

வேர்மயிரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் மானத்தோடு நடமாட முடியாது. பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லை அச்சடித்தவர்கள் வகுப்பறையில் அதை வாய்விட்டு வாசித்துப் பார்க்கவில்லை போலும். சந்தியில் யாராவது "தம்பி இப்ப கம்பஸிலை என்ன செய்யிறீர்?" என்று கேட்டால், "தாவரவியல்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துவிடுவேன். ஐயாவிடம், அதாவது என் தகப்பனாரிடம், அப்படி நழுவ முடியாது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "எந்த மயிர் எண்டு விளக்கமாச் சொல்லு" என்பார். அவருடைய தலையில் அது கிடையாது. நெற்றி பிடரிவரை போய் முடிந்திருந்தது. அதனால் அவர் அப்படிக் கேட்கும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எனக்குச் சிரிப்பு வராது. நான் அந்த நாட்களில் எளிதில் சிரிக்கிற ஆளாக இருக்கவில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தெற்கே படித்துக்கொண்டிருந்த இடத்தை விட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது உடுத்திருந்த உடுப்பு மட்டும். மிச்சப் படிப்பை யாழ்ப்பாணத்தில் முடித்தேன். பிறகு அங்கேயே மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்தும் தற்காலிக வேலை கிடைத்தது. அந்தத் தற்காலிகம் கடைசிவரை என்னை விட்டுப் போகவில்லை. கூடப் படித்தவர்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள், இயக்கத்துக்குப் போனார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் இல்லாமல் போனார்கள். நான் ஊறவைத்த பயற்றோடு நின்றேன்.

பயறு முளைக்கவைப்பது முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான பாடம். சந்தையில் வாங்கிய பயற்றை இரவு ஊறப்போட்டு, ஈரத்துணியில் பரப்பி மூடிவைத்தால், விரைவில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், அந்த வேரைச் சுற்றி மெல்லிய பஞ்சு படர்ந்ததுபோல் இருக்கும். அதுதான் வேர்மயிர். மண்ணில் நிற்கிற செடியைப் பிடுங்கி அதைப் பார்க்க முடியாது. பிடுங்கும்போதே அறுந்து மண்ணோடு போய்விடும். ஐயா ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பிடுங்கியவர். ஒரு நாளும் அதைக் கண்டதில்லை. ஆகையால் அப்படி ஒன்று இல்லை என்பதுதான் அவருடைய முடிவு.

ஒரு வகுப்பில் ஒரு மாணவி, தன்னுடைய துணியில் ஒரு பயற்றுக்குப் பஞ்சு வரவில்லை என்று முறைப்பாடு செய்தாள். துணி காய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டுதான் போய்ப் பார்த்தேன். துணி நல்ல ஈரம். சுற்றியிருந்த வேர்கள் எல்லாம் பஞ்சோடு இருந்தன. நடுவில் ஒன்று மட்டும் வழித்துவிட்டதுபோல் வழுவழுப்பாகக் கிடந்தது. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். தோலின் நுண்ணிய கலங்களில் ஒன்றாவது வெளியே புடைத்திருக்கவில்லை. அந்த முளையை அப்படியே எடுத்துப் பூச்சாடியில் நட்டேன். வளர்ந்தது, பூத்தது, காய்த்தது. அதன் விதைகளை முளைக்கவைத்தேன். எல்லாம் மொட்டை.

இதில் என்ன பெரிய சங்கதி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேரின் தோலில் பக்கத்துப் பக்கத்தில் கலங்கள் இருக்கின்றன. ஒன்று தன் சுவரை வெளியே தள்ளி மண்ணுக்குள் நீளுகிறது, அடுத்தது சும்மா இருக்கிறது. எது நீள வேண்டும், எவ்வளவு நீள வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தாயும் தகப்பனும் கொடுத்துவிட்ட பரம்பரை அலகுகளின் ஏற்பாடு. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் அந்த நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்த அலகு பழுதாகிவிட்டால் இல்லாத மயிரை எந்த மண்ணாலும் முளைக்கவைக்க முடியாது.

மொட்டைப் பயற்றின் பூவில் சாதாரணப் பயற்றின் மகரந்தத்தைத் தடவிப் பார்த்தேன். மாலையில் அரும்பை ஊசியால் கீறி, அதன் சொந்த மகரந்தம் முற்றுமுன் எடுத்துவிட்டு, விடியக் காலையில் மற்றதைக் கொண்டுவந்து தடவ வேண்டும். அரும்புகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். தப்பியவற்றில் பிறந்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மயிர் இருந்தது. மொட்டை ஒழிந்தது என்றுதான் தோன்றும். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளில் நாலுக்கு ஒன்றாக மொட்டை திரும்பி வந்தது. ஒரே ஓர் அலகு. ஒரு தலைமுறைக்கு ஒளித்திருந்துவிட்டு வெளியே வருகிறது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சாப்பிடு" என்றார்.

தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரம் இல்லை. ரயில் இல்லை, கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஓடிய தண்டவாளமும் அதன் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. நுணுக்குக்காட்டியின் அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடியைச் சரித்து வானத்து வெளிச்சத்தைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். மழைக்கால இருட்டில் வேலை இல்லை. வெயில் நாளில் வேலை இருக்கும், ஆனால் வெயில் நாளில்தான் குண்டு போடுகிற பொம்மரும் வரும். மாணவர்கள் பதுங்குகுழிக்கு ஓடிய பிறகு, கண்ணாடி பிடித்த வெளிச்சத்தில் வேரைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. துணிச்சல் இல்லை அது. அலுப்பு.

யூரியாவும் வரவில்லை. பொருளாதாரத் தடையில் தடுக்கப்பட்ட சாமான்களில் அதுவும் ஒன்று. கிணற்று நீரும் பசளை உரமுமாகப் பழகிப்போன எங்கள் செம்மண் தோட்டங்களில் பயிர் சோர்ந்துகொண்டு வந்தது. வெங்காயம் சின்னனாக வந்தது, மிளகாய் காய்க்காமல் நின்றது. ஐயா பேசுவது குறைந்தது. அவருக்குத் தோட்டம்தான் முகம். பச்சைப்பசேல் என்று நிற்கிற பயிருக்கு நடுவில் நின்றுதான் அவர் ஊரோடு கதைத்தவர்.

அப்போதுதான் என் வேர்மயிருக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்தது. பயற்றுக்கு யூரியா கட்டாயம் இல்லை. மண்ணில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிர்கள் வேர்மயிர் வழியாக உள்ளே புகுந்து வேரில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, காற்றிலிருந்தே பயிருக்குப் பசளை செய்து கொடுக்கும். மயிர் நீண்டிருந்தால் மண்ணில் கெட்டியாய் ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றச் சத்துகளையும் எட்டி எடுக்கும். அப்படியானால் நீண்ட மயிருள்ள ஒரு பயறு கிடைத்தால், பசளை போடாத தோட்டத்திலும் அது நின்று பிடிக்கும். அதற்குப் பின்னால் அந்த நீள மயிரின் அலகை வைத்து வேறு என்னென்னவோ செய்யலாம். நான் ஊர் ஊராய்ப் பயறு சேர்த்து முளைக்கவைத்தேன்.

கிடைத்தது எங்கள் குசினி அடுப்படியில்தான். அம்மா பிறந்த ஊர் உடுப்பிட்டி. அங்கேயிருந்து சின்னம்மா, அம்மாவின் தங்கை, பொங்கலுக்கென்று கொடுத்துவிட்ட பயற்றில் ஒரு பிடியை எடுத்து முளைக்கவைத்தேன். வேரைச் சுற்றிப் பூனைக்குட்டி மாதிரிப் படர்ந்திருந்தது. சாதாரணப் பயற்றின் மயிரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். அதற்குச் சடை என்று பெயர் வைத்தேன். மொட்டை யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கியது, கொக்குவிலையும் சேர்த்த வலிகாமத்துப் பயறு, ஐயாவின் பக்கம். அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்.

"பாத்தியளே," என்றார் ஐயாவைப் பார்த்து. "சடை எங்கடை ஊர். மொட்டை உங்கடை ஊர்."

ஐயா தலையைத் தடவிக்கொண்டார். மறுநாள் கம்பஸ் பக்கம் அலுவலாக வந்தவர்போல் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். நுணுக்குக்காட்டியில் குனிந்து, மூட வேண்டிய கண்ணைத் திறந்து, திறக்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லை என்றார். தலையைப் பிடித்துச் சரியாக வைத்துவிட்டேன். நெடுநேரம் பார்த்தார்.

"நரை மயிர் மாதிரிக் கிடக்குது," என்றார். பிறகு, "தெருவோரத்துத் துண்டை எடு. பயறு போடு" என்றார்.

அந்தத் துண்டு ஒழுங்கை என்கிற ஒடுக்கமான தெருவை ஒட்டிய நல்ல நிலம். அதில் மொட்டை ஒரு வரிசை, சாதாரணம் ஒரு வரிசை, சடை ஒரு வரிசை என்று மாறி மாறிப் போட்டேன். இலைகுழையும் வேண்டாம், எருவும் வேண்டாம், தண்ணீர் மட்டும் காணும் என்று ஐயாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார்.

முளைத்து நாலைந்து இலை விட்டதும் மொட்டை வரிசைகள் வெளிற ஆரம்பித்தன. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பயிர் வாடுவதைப் பார்த்து மகிழ்ந்த ஒரே ஆள் அந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். ஆனால் பூக்கிற நேரத்தில் மொட்டையும் பச்சை கட்டிவிட்டது. சடைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிழல் பார்த்தேன், வெயில் பார்த்தேன், இலையை எண்ணினேன். கடைசியில், எங்கள் மண்ணில் மயிர் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

காய் ஆய்ந்து முடிந்ததும் கன்றுகளைப் பிடுங்கினேன். மொட்டையின் வேரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அழுகிய இலை நரம்பு. மண்ணைக் கிண்டினேன். வரிசைக்கு வரிசை நடுவே கிடங்கு வெட்டிப் பூவரசங்குழையும் மாட்டெருவும் புதைத்து, மேலே மண்ணைத் தடவி மூடியிருந்தது. செய்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. அவ்வளவு நேராகக் கிடங்கு வெட்டுகிறவர் ஊரில் ஒருவர்தான்.

"இதென்ன ஐயா?"

"குழை."

"ஒண்டும் போடவேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே?"

"சொன்னனீ," என்றார். "பயிர் மஞ்சளிச்சுப் போய் நிக்குது. ஒழுங்கையாலை போறவன் வாறவன் என்ன நினைப்பான்? இவனுக்குத் தோட்டம் செய்யத் தெரியாது எண்டெல்லே சொல்லுவான். நீ கம்பஸுக்குப் போயிடுவாய். பதில் சொல்லுறது ஆர்?"

"உங்கடை மானத்துக்காக என்ரை வேலை முழுக்கத் தாட்டுப்போட்டியள்."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குமேல் நாங்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி சொன்னார். "ஒரு பயத்தங்கண்டுக்காகத் தேப்பனும் மோனும் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரியிறியள். நாளைக்கு ஒரு ஷெல் விழுந்தால் ஆரோடை கோவிப்பியள்?" என்று ஒருமுறை கத்தினார். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. வந்தாலும் பயற்றைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

போத்தல்களில் வைத்திருந்த விதையில் வண்டு விழுந்தது. தப்பியதை அடுத்த வருடம் சாடிகளில் போட்டுப் பெருக்கினேன். தொண்ணூற்றைந்து தொடங்கியபோது சமாதானம் வருகிறது என்று சனம் நம்பியது. நானும் நம்பி, நடு வருடத்தில் விதைக்கலாம் என்று திட்டம் போட்டேன். அந்தச் சமாதானம் சித்திரையோடு முடிந்தது. ஆடியில் ஆமி முன்னேற, வலிகாமம் மேற்கிலிருந்து ஓடிவந்த சனம் எங்கள் வீட்டு வளவிலும் வந்து தங்கியது. அவர்கள் திரும்பிப் போன பிறகு, ஆவணி பிற்பகுதியில்தான் மண் கொத்த முடிந்தது. கையில் இருந்த விதை முழுவதையும் போட்டேன். வண்டுக்கு மிச்சம் வைப்பதைவிட மண்ணுக்குள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

விதைத்த மறுநாள் ஐயா ஒழுங்கைப் பக்கம் கட்டை நட்டு ஓலைக் கிடுகு கட்டிக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"இந்த முறை நான் ஒண்டும் போடேல்லை. ஆனால் ஆக்கள் பாக்கவேண்டாம்," என்றார்.

ஆக, என் ஆராய்ச்சிக்கு மறைப்புக் கட்டப்பட்டது. அதற்குப் பின்னால் மொட்டை தன் இஷ்டப்படி மஞ்சளித்தது. ஐயா காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்சினார், மண்ணெண்ணெய் இல்லாதபடியால் கையால் இறைத்துத்தான். மஞ்சள் வரிசைக்கு வரும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டார்.

"உனக்குச் சடைதானே வேணும். உந்த மொட்டையைப் பிடுங்கி ஆட்டுக்குப் போடட்டே? பாக்கப் பாக்க வயிறு எரியுது."

"மொட்டையைப் பக்கத்திலை வைச்சுக் காட்டினால்தான் ஐயா சடை வளந்ததுக்கு மயிர்தான் காரணம் எண்டு நம்புவினம். இல்லாட்டி நல்ல மண், நல்ல மழை எண்டிடுவினம்."

யோசித்தார். "அப்ப விதையும் ரெண்டிலையும் எடுக்கோணும்?"

"ஓம் ஐயா. ரெண்டும் வேணும்."

புரட்டாசி முடிய அது கண்ணுக்கு நேரே தெரிந்தது. சடை வரிசை முழங்காலுக்கு மேல் கறுத்தப் பச்சையாக நின்றது. சாதாரணம் நடுத்தரம். மொட்டை சாண் உயரத்தில் வெளிறிப்போய், பிந்திப் பூத்து, ஒன்றிரண்டு காய் பிடித்திருந்தது. ஓரத்தில் நின்ற கன்றுகளில் சிலவற்றை மெல்லத் தோண்டி வேரைக் கழுவிப் பார்த்தேன். சடையில் முடிச்சுகள் திரள் திரளாய் இருந்தன. மொட்டையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐயா குந்தியிருந்து இரண்டு வேரையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தார். மாறி மாறிப் பார்த்தார். "மெய்தான்" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

விதை முற்ற வேண்டும். அது மட்டும்தான் மிச்சம். முற்றிய விதை கையில் இருந்தால் எங்கே போயும் தொடரலாம். இல்லாவிட்டால் இத்தனை வருடமும் வாய்ப்பேச்சுத்தான். ஷெல் சத்தம் நாளுக்கு நாள் தெற்கே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஐயாவும் நானும் காயை அமத்திப் பார்ப்பதும் சத்தத்தைக் கேட்பதுமாக இருந்தோம்.

ஐப்பசிக் கடைசியில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், இயக்கத்தின் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கையால் போனது. எல்லோரும் உடனே வெளியேற வேண்டும், வலிகாமத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது என்றது. அம்மா உடுப்பு மூட்டை கட்டினார். நான் சைக்கிள் கரியரில் அதை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஐயா தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்தார். காலில் சேறு.

"சடையிலை கொஞ்சம் முத்திக் கறுத்திட்டுது. மற்றது பச்சை," என்றார்.

"அப்பிடியே பிடுங்கிக் கட்டிக்கொண்டு போவம்."

"உள்ளுக்கை பால் தம்பி. அது சூம்பிப் போகும், முளைக்காது. உனக்குத் தெரியாதே?"

"முளைக்காட்டிப் போகட்டும்."

அவர் தலையை ஆட்டினார். "நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போ. நான் காயை ஆய்ஞ்சுகொண்டு பின்னாலை வாறன். கிழவனை ஆர் என்ன செய்யப்போறான்?"

"விசர்க்கதை கதையாதையுங்கோ ஐயா. விதை போனால் போகுது. வெளிக்கிடுங்கோ."

"ஒருக்காப் பழுதாக்கினது காணும்," என்றார்.

அம்மா அழுதார், ஏசினார், அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். நான் கெஞ்சினேன். கெஞ்சிப் பழக்கமில்லாதவன், அது சண்டை மாதிரித்தான் கேட்டிருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த பின்வளவுக்காரர் நடக்கமாட்டாத தன் தாயை விட்டுப் போகமாட்டேன் என்று நிற்கிறாராம், ஐயா அவரோடு நின்று அவரோடு வருவாராம். முடிவு செய்துவிட்டார். கேற்றைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நாங்கள் ஏதோ கோயிலுக்குப் போகிறவர்கள்போல்.

நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அடிமேல் அடி வைத்து நகர்ந்தது. மழை விடவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நான், கரியரைப் பிடித்துக்கொண்டு அம்மா. அந்தப் பாதையைப் பற்றி வேறு பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை. அம்மா வழிநெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார் என்பதை மட்டும் சொல்லலாம். பின்னால் வந்த சனத்தைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கி, கொடிகாமம் வழியாக உடுப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்னம்மா வீட்டில் ஏற்கெனவே மூன்று குடும்பங்கள். ஒரு அறையின் மூலை கிடைத்தது. நான் ஒவ்வொரு நாளும் சந்திக்குப் போய், வலிகாமத்திலிருந்து பிந்தி வந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். கொக்குவில் என்றதும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஆமி வந்துவிட்டது என்றார்கள், வரவில்லை என்றார்கள். ஒரு வீடும் இல்லை என்றார்கள், எல்லாம் அப்படியே இருக்கிறது என்றார்கள். அம்மா ஒவ்வொரு சோறு வடிக்கும்போதும் ஒரு பிடி கூடப் போட்டார். வந்தால் பசியோடு வருவாராம்.

எனக்குக் கோபம்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. வந்ததும் என்னென்ன ஏச வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை பின்வளவுக்காரர் வந்தார். தாயை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, கோயில் மடத்தில் இருத்திவிட்டு எங்களைத் தேடி நடந்திருந்தார். முற்றத்தில் அவர் தனியே நின்றதைக் கண்டதுமே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார்.

பின்வளவுக்காரர் வாங்குப் பலகையில் இருந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு ஒழுங்காகச் சொன்னார்.

"அண்ணை சடைப் பயத்தை முதலே ஆய்ஞ்சு, வீட்டுக்குள்ளை பாயிலை காயவைச்சு, உடைச்சு முடிஞ்சும் வைச்சிட்டார். வெளிக்கிடுவம் எண்டு என்ரை அம்மாவையும் வண்டிலிலை ஏத்தியாச்சு. அப்பதான், 'மற்ற வரிசையும் இப்ப முத்தியிருக்கும், அதையும் ஆய்ஞ்சுகொண்டு ஓடிவாறன்' எண்டார். அந்தச் சூம்பல் கண்டிலை என்ன அண்ணை கிடக்குது, விட்டிட்டு வாங்கோ எண்டன். 'இல்லை, ரெண்டும் வேணுமாம் தம்பிக்கு' எண்டிட்டுப் போனார்."

ஷெல் தோட்டத்துக்குள்ளேயே விழுந்திருந்தது. அவர் ஓடிப்போனபோது ஐயாவுக்கு மூச்சு இல்லையாம். எரிக்க விறகும் இல்லை, தூக்க ஆளும் இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் தானே கிடங்கு வெட்டி மூடியதாகச் சொன்னார். "என்னாலை ஏலுமானதைத்தான் செய்தனான்," என்று சொல்லும்போதுதான் அவருடைய குரல் உடைந்தது.

இரண்டு முடிச்சுகளை வாங்கில் வைத்தார். ஒன்று பெரியது, ஐயாவின் பழைய வேட்டிக் கிழிசலில் இறுக்கிக் கட்டியது. மற்றது சின்னது. ஐயாவின் மடியில் கிடந்த காய்களை அவர் தன்னுடைய லேஞ்சித் துணியில் எடுத்து முடிந்திருந்தார்.

வீடு முழுவதும் அழுதது. நான் அழவில்லை. அடுக்கி வைத்திருந்த ஏச்சு அவ்வளவும் அப்படியே உள்ளே நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. பச்சைக் காயைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம், ஒன்றையுமே பிடுங்காமல் வந்திருக்கலாம், சடையோடு மட்டுமாவது வந்திருக்கலாம். அந்த மனிதர் பயிர் மஞ்சளித்தால் சோறு இறங்காதவர். அந்த மஞ்சள் வரிசைக்குத்தான் திரும்பிப் போனார்.

எல்லோரும் கலைந்த பிறகு அம்மா வாங்கடிக்கு வந்தார். பெரிய முடிச்சைத் தொடவில்லை. சின்னதை அவிழ்த்தார். மெலிந்து கறுத்த நெற்றுகள் ஒரு கைப்பிடிகூட இருக்காது. ஒன்றை உரித்து விதைகளை உள்ளங்கையில் கொட்டினார். சின்ன விதைகள், பாதி சொத்தி.

"இது எது?"

"மொட்டை," என்றேன்.

"இதுக்கோ போனவர்?"

"ஓமம்மா."

அவர் அவற்றை ஒன்றும் சிந்தாமல் திரும்ப லேஞ்சிக்குள் போட்டு முடிந்தார். முடிச்சை என் கையில் வைத்தார்.

"விதைக்கிறதெண்டால் விதை," என்றார். "என்ரை கண்ணிலை காட்டாதை."